எந்தச் சேர்வர் எந்தக் கரையில்?

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குச் சேர்வரோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். நாவலுக்கும் படத்துக்கும் விமர்சனம் எழுதுகிற இந்தப் பக்கத்தில் இந்த முறை ஒரு கோப்பைப் பற்றி எழுதுகிறோம். பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். கதை இல்லை, பாத்திரம் இல்லை. சில பெயர்கள், அந்தப் பெயர்களுக்கு மேல் சதுர அடைப்புக்குறிக்குள் சில தலைப்புகள், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிறுவனத்தில் ஒரு பிழை எத்தனை பேரைப் போய்ச் சேரும், ஒரு திருத்தம் யாரைச் சேராமல் போகும் என்பதை அந்தக் கோப்புத்தான் தீர்மானிக்கிறது. எழுதுகிறவர்கள் பொறியியலாளர்கள். எழுதப்படுகிற விசயத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கு என்பதுதான் எங்கட கட்சி.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறோம். பாடப்புத்தகம் 'வழங்கி' என்று சொல்கிற சேர்வர் ஒரு கொம்பியூட்டர்தான். பரீட்சை முடிவு, வங்கிக் கணக்கு, பிறப்புப் பதிவு எல்லாம் அப்படியான ஒன்றுக்குள்தான் கிடக்கு. ஒரு பெரிய நிறுவனத்தில் இப்படி நூறு இருக்கும், ஆயிரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, யாருக்கு உள்ளே போக அனுமதி, எப்போது பிரதி எடுக்க வேணும் என்று நூறு சின்ன ஒழுங்குகள். ஒரு காலத்தில் ஒருவர் ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கையால் செய்வார். ஐந்து சேர்வர் என்றால் சரி. ஐம்பது என்றால் முப்பதாவதில் கண் சொருகும்.

1993இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜெஸ் இதற்கு சிஎஃப்எஞ்சின் என்று ஒரு கருவி எழுதினார். பிறகு 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் அன்சிபிள். இவற்றுக்குள் வித்தியாசம் நிறைய, அடிப்படை ஒன்றுதான். "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று படிப்படியாகச் சொல்வதை விட, "கடைசியில் இப்படி இருக்க வேணும்" என்று எழுதி வைக்கிறது. கருவி போய்ப் பார்க்கும். ஏற்கனவே அப்படி இருந்தால் கை வைக்காது. இல்லை என்றால் அப்படி ஆக்கிவிட்டு வரும். அன்சிபிள் என்ற பெயர் உர்சுலா லெ குவின் 1966இல் எழுதிய ஒரு நாவலில் இருந்து வந்தது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் உடனுக்குடன் கதைக்கிற கற்பனைக் கருவி அது. ஆகவே இந்தத் துறைக்கு முதலே ஒரு நாவலாசிரியர் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கலைப்பீடம் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம்.

அன்சிபிளில் ஒரு கோப்பில் கட்டளை இருக்கும்: "இணையப் பக்கங்களைத் தாங்குகிற சேர்வர் எல்லாவற்றிலும் இந்தப் பதிப்பு இருக்க வேணும்." சரி, அந்த 'எல்லாம்' எவை? அதற்கான பதில் இன்னொரு கோப்பில் இருக்கு. அதற்கு இன்வென்ட்ரி என்று பெயர், இருப்புப் பட்டியல். குழுவின் பெயர், அதன் கீழே சேர்வர்களின் பெயர்கள். ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவையும் போடலாம். ஒரே சேர்வர் நாலு குழுவில் இருக்கலாம். கட்டளை எவ்வளவு திறமாக எழுதப்பட்டிருந்தாலும் அது பட்டியலில் இருக்கிறவர்களிடம்தான் போகும். பட்டியலில் பெயர் இல்லாத சேர்வரை அது எட்டியும் பார்க்காது. பிழையான குழுவில் பெயர் இருந்தால் அந்தக் குழுவுக்கு விழுகிற அடி எல்லாம் அதற்கும் விழும்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இது விளங்குவதற்கு வகுப்புத் தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. யாரோ ஒரு காலத்தில் சூரியனைப் பார்த்து வைத்த பெயர். எவ்வளவு அழகான பெயர் என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் போர்க்காலத்தில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் வந்தது. எழுவான்கரை பெரும்பாலும் இராணுவக் கட்டுப்பாடு, படுவான்கரை 2007 வரை பெரும்பாலும் புலிகளின் கட்டுப்பாடு. ஒருவர் எந்தக் கரை என்பதை வைத்து என்ன சாமான் கொண்டுபோகலாம், சோதனைச் சாவடியில் எத்தனை மணித்தியாலம் நிற்க வேணும் என்று முடிவானது. 2014இல் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தார்கள். பாலம் வந்த பிறகும் "அவர் படுவான்கரை ஆள்" என்று சொல்கிற தொனி போகவில்லை. குழு உண்டான காரணம் போய்விடும், குழு நிற்கும். சேர்வர் பட்டியல்களிலும் இதே வியாதி இருக்கு.

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு மூத்தவர் ஒரு அக்கா, கொழும்பில் சேர்வர் நிர்வாகம் செய்கிறவர், விடுமுறைக்கு வந்த நேரம் இதைப் பற்றி இரண்டு பின்னேரம் சொல்லித் தந்தார். அவர் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் குழுக்களின் பெயர்கள் 'புதுசு', 'புதுசு 2', 'தற்காலிகம்' என்று இருந்ததாம். 'தற்காலிகம்' ஆறு வருசப் பழசு. "புள்ளையள், பேரு வைக்கக்குள்ள வெக்கப்படாம நீளமா வைங்க. ராவு ரெண்டு மணிக்கு நித்திரைத் தூக்கத்தில பாக்கிறவனுக்கும் விளங்கணும்" என்றார். நாங்கள் உடனே பிரதேச செயலகங்களை நினைத்துச் சிரித்தோம். எங்கட மாவட்டத்தில் 14 பிரிவு. அதில் ஐந்து கோறளைப்பற்று: சும்மா கோறளைப்பற்று, வடக்கு, மேற்கு, தெற்கு, மத்தி. இன்னொரு ஐந்து மண்முனை என்று தொடங்கும். வாகரை, கிரான், ஓட்டமாவடி என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை. படிவத்தில் திசையை மாற்றி எழுதினால் ஒரு நாள் அலைச்சல்.

அன்சிபிளின் கையேடு குழு பிரிக்க மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறது: என்ன, எங்கே, எப்போது. என்ன வேலை செய்கிற சேர்வர்? எந்த இடத்தில் இருக்கு? எந்தக் கட்டத்தில் இருக்கு, அதாவது பரீட்சித்துப் பார்க்கிறதா, சனம் பாவிக்கிறதா? நல்ல கேள்விகள். ஒரு சேர்வர் ஒரே நேரத்தில் 'தரவுத்தளம்', 'கொழும்பு', 'பாவனையில் உள்ளது' என்ற மூன்றிலும் இருக்கலாம். மனிதர்களும் அப்படித்தானே. எங்கட பக்கத்தில் ஒருவருக்குத் தாய்வழியில் ஒரு குடி இருக்கு, ஊர் இருக்கு, கரை இருக்கு. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், யாருக்கு முன்னுரிமை என்று வந்தால் பெரியவர்கள் கதைத்து முடிப்பார்கள், சில நேரம் அடிபட்டும் முடிப்பார்கள். அன்சிபிளில் பெரியவர்கள் இல்லை. ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு குழு ஒரே விசயத்தில் இரண்டு விதமாகச் சொன்னால், வேறு விதமாக ஒழுங்கு செய்யாதவரை, பெயரின் எழுத்து வரிசையில் பின்னுக்கு வருகிற குழு வெல்லும். முக்கியம், அமுக்கியம் பார்க்காது. குழுவுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதே சட்டமாகிவிடுகிறது. இதைக் கேட்டபோது எங்களில் ஒருவர் ஐந்து நிமிசம் கதைக்கவில்லை. அவர் அரசறிவியல் மாணவர்.

இது எல்லாம் சின்ன விசயம், பொறியியலாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பவர்களுக்கு நைட் கெப்பிட்டல் கதையைச் சொல்ல வேணும். அமெரிக்காவில் பெரிய பங்குத் தரகு நிறுவனம். 2012 ஓகஸ்ட் 1 அன்று நியூயோர்க் பங்குச் சந்தையில் ஒரு புது முறை தொடங்க இருந்தது. அதற்கான புது மென்பொருளை நைட்டின் எட்டு சேர்வர்களில் ஏற்ற வேணும். கையால் ஏற்றினார்கள். ஏழில் ஏறியது, எட்டாவது விடுபட்டுப் போனது. இன்னொருவர் சரிபார்க்கிற வழக்கம் அங்கே இருக்கவில்லை. அந்த எட்டாவதுக்குள் 2003இலேயே பாவனையை விட்ட ஒரு பழைய நிரல் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. புது முறைக்கு வைத்த சமிக்ஞை அந்தப் பழைய நிரலை எழுப்பிவிட்டது. சந்தை திறந்து 45 நிமிசத்துக்குள் நாற்பது இலட்சம் வாங்கல் விற்றல். நட்டம் 46 கோடி டொலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் உள் கணினி அமைப்பு ஊழியர்களுக்கு 97 எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. யாரும் அதை எச்சரிக்கையாக எடுக்கவில்லை.

எங்களைப் பிடித்து உலுக்கிய இடம் அதற்கு அடுத்தது. பிரச்சினை எங்கே என்று தெரியாமல் பதறியவர்கள், புது மென்பொருள்தான் காரணம் என்று நினைத்து, சரியாக ஏறியிருந்த ஏழு சேர்வர்களிலும் அதைக் கழற்றினார்கள். அதன்பிறகு எட்டுமே பழைய நிரலை ஓட்டத் தொடங்கின. எந்தச் சேர்வரில் என்ன இருக்கு என்று ஒரு பட்டியல் கண்முன்னே இருந்திருந்தால், கழற்றுவதற்கு முதல் ஒருவராவது "எட்டாவது ஏன் வேறு மாதிரி இருக்கு?" என்று கேட்டிருப்பார்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே குழுவாகப் போட்டு ஒரே அடியாக அனுப்பினால் பிரச்சினை தீருமா? அதற்குப் பதில் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் எங்கட நேரப்படி காலை 9.39க்கு ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. 78 நிமிசத்தில் பிழையைக் கண்டு மாற்றினார்கள். அதற்குள் மைக்ரோசொப்டின் கணக்குப்படி 85 இலட்சம் வின்டோஸ் கொம்பியூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்துவிட்டன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. கவனிக்க வேண்டிய விசயம், வாடிக்கையாளர்கள் தங்கட கொம்பியூட்டர்களை ஏற்கனவே குழு குழுவாகப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். 'இந்தக் குழுவுக்குப் புதுப் பதிப்பு உடனே, அந்தக் குழுவுக்கு ஒரு பதிப்புப் பிந்தி' என்று சொல்கிற வசதி கிரவுட்ஸ்ட்ரைக்கில் இருந்தது. ஆனால் அன்றைக்குப் போனது அந்த வகைக் கோப்பு இல்லை. அவசரத் தகவல் என்ற வகை. அதற்குக் குழு வித்தியாசம் கிடையாது. எல்லாருக்கும் ஒரேயடியாகப் போகும். விழுந்த பிறகுதான் இனிமேல் இதையும் படிப்படியாக அனுப்புவோம் என்று அறிவித்தார்கள்.

படிப்படியாக என்றால் முதல் படியில் நிற்கிறது யார்? இந்தக் கேள்வியில்தான் எங்கட வட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. பாதுகாப்புத் திருத்தம் வருகிற நேரம் கடைசிக் குழுவில் இருப்பது ஆபத்து, ஓட்டை திறந்தபடி கிடக்கும். பரீட்சார்த்தமான மாற்றம் வருகிற நேரம் முதல் குழுவில் இருப்பது ஆபத்து, பிழைத்தால் அதன் தலையில்தான் விடியும். ஒரு நேர்மையான நிர்வாகி தன் அலுவலகக் கொம்பியூட்டர்களைத்தான் பரீட்சைக்கு முதலில் போடுவார். சோம்பல் பிடித்த நிர்வாகி சத்தம் போட ஆள் இல்லாத இடத்தைப் போடுவார். கையேட்டின் மூன்று கேள்விக்குள் இது வராது. என்ன, எங்கே, எப்போது என்று கேட்கிற இடத்தில் 'விழுந்தால் யாருக்கு?' என்ற நாலாவது கேள்வியையும் கேட்க வேணும் என்கிறோம்.

ஒரு பக்கம் விழுவதன் விலை எல்லாருக்கும் ஒன்றில்லை. கொழும்பில் ஒருவருக்கு ஒரு சேவை இரண்டு மணித்தியாலம் நின்றால் தேநீர் குடித்துவிட்டு வந்து திரும்ப முயற்சி செய்வார். மண்டூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் அதிகாலையில் வெளிக்கிட்டு, படகுப்பாதையில் குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து டவுனுக்கு வந்து வரிசையில் நிற்கிறார். "சிஸ்டம் வேலை செய்யுதில்ல, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். அவருக்குப் போனது ஒரு நாள் கூலி, போக வரச் செலவு, சில நேரம் விண்ணப்பத்தின் கடைசித் தேதி. சேர்வர் பட்டியலில் இரண்டும் ஒரே வரிதான். நாலாவது கேள்வியைக் கேட்டால், கிராமத்துக் கருமபீடங்கள் நம்பியிருக்கிற சேர்வர்களைத் தனிக் குழுவாக எடுத்து, அலுவலக நேரத்தில் அவற்றில் கை வைப்பதில்லை என்று ஒரு வரி எழுதலாம். அதற்குப் பணம்கூட வேண்டாம்.

பணம் வேண்டிய இடமும் இருக்கு என்பதையும் சொல்ல வேணும். 2023 ஓகஸ்ட் 26 அன்று லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கேட்கிற வைரஸ் தாக்கியது. அரச மின்னஞ்சல் பாவித்த சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கான, வலையமைப்புக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. பாவனையில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பு. மைக்ரோசொப்ட் அந்தப் பதிப்புக்கு ஆதரவை நிறுத்தியது அதே 2023 ஏப்ரல் 11. புதிய பதிப்புக்கு மாற முன்பே திட்டம் இருந்ததாகவும் நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய நிர்வாகத் தீர்மானங்களாலும் தாமதமானதாகவும் பொறுப்பான அரச முகவரகமே சொன்னது. அதாவது பழசு என்று தெரியும். தெரிந்துகொண்டே இருந்தார்கள்.

குழு பிரிப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. பட்டியல் காசு கொண்டுவராது. ஆனால் 'ஆதரவு முடிந்தவை' என்று ஒரு குழு, 'தினமும் வெளியே பிரதி எடுக்கப்படுபவை' என்று இன்னொரு குழு, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை எவை என்று ஒரு கேள்வி. இந்தச் சின்னக் கணக்கை ஒவ்வொரு மாதமும் அச்செடுத்து நிதி ஒதுக்குகிறவரின் மேசையில் வைத்தால், தாமதத்துக்கு ஒரு முகம் வரும். வறுமை நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுப்பிக்க ஏலாது. அதனால்தான் எதை முதலில் காப்பாற்றுவது என்று பிரித்துப் பார்க்கிற வேலை பணக்கார நாட்டை விட எங்களுக்கு அதிகம் வேணும். 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது, டிஜிட்டல் அடையாள அட்டைக்கு ஆயத்தம் நடக்குது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கு. சட்டம் படிக்கிற நண்பர்கள் அதைப் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறார்கள், நல்லது. அங்கே யாராவது எழும்பி "எங்கட தரவு இருக்கிற சேர்வர் எந்தக் குழுவில்? அந்தக் குழுவுக்குத் திருத்தம் வருவது முதலாம் நாளா, நாற்பதாம் நாளா?" என்று கேட்டதை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. எங்கட வட்டத்திலேயே ஒருவர், "எல்லாத்துக்கும் ஒரு குழு எண்டு தொடங்கினா கடைசியில சேர்வரை விடக் குழு கூடிரும், மறுகா எதுவும் ஒருத்தருக்கும் விளங்காது" என்றார். அது சரிதான். எதற்கென்று தெரியாத குழுவை வைத்திருப்பதும் ஆபத்து. அக்காவின் அளவுகோல் எளிது: ஒரு குழுவுக்கு என்று தனியாக ஒரு வேலையாவது இல்லை என்றால் அந்தக் குழு வேண்டாம். மனிதர்களைப் பிரிக்கிற குழுக்களுக்கும் இதே அளவுகோலை வைத்தால் எத்தனை மிஞ்சும் என்று அன்றைக்கு இரவு கனநேரம் கதைத்தோம். அது வேறு கட்டுரை.

இப்போது எங்களிடமே மூன்று இயந்திரம் இருக்கு. இந்தப் பக்கத்தைத் தாங்குகிற வாடகைச் சேர்வர் ஒன்று, வட்டத்துக் கணக்குவழக்கு இருக்கிற ஒரு மடிக்கணினி, கூத்துப் பதிவுகள் இருக்கிற ஒரு பழைய மேசைக் கொம்பியூட்டர். மூன்றுக்கும் இன்வென்ட்ரி எழுதினோம். மூன்றுக்கு என்னத்துக்குப் பட்டியல் என்று கேட்காதீர்கள், பழக வேணுமே. பழைய கொம்பியூட்டரை எந்தக் குழுவில் போடுவது என்பதில்தான் இழுபறி. அதில் வடமோடிக் கூத்து ஆடிப் பழக்கிய ஒரு அண்ணாவியாரின் குரல் இருக்கு. அவர் இப்போது இல்லை. 'பழையவை' என்று போடுவோம் என்று முதலில் ஒருவர் சொன்னார், வயதைப் பார்த்தால் அதுதான் பொருத்தம். விழுந்தால் யாருக்கு என்று இன்னொருவர் கேட்டார். இப்போது அது 'ஒவ்வொரு இரவும் இரண்டு இடத்தில் பிரதி' என்ற குழுவில் இருக்கு. பெயர் நீளம்தான். இந்தப் பக்கத்தைத் தாங்குகிற சேர்வருக்கு வாரம் ஒரு தரம் போதும் என்று விட்டிருக்கிறோம்.